நாலாம் நம்பர்

பதினோரு வருஷம் நான் பார்த்ததெல்லாம்
புஷ்பநாதனின் முதுகுதான்.
முகம் எப்படி என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது.
முதுகென்றால் சொல்வேன்:
பனியனில் நாலாம் நம்பர், ஓரத்தில் தையல் விட்டது,
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்வு,
பிடரியில் வியர்வை இறங்க அதற்கென்று ஒரு வழி.

கோல்கீப்பரின் உலகம் அவ்வளவே.
முன்னால் ஒரு முதுகு. அதற்கப்பால் சத்தம்.

கோத்தகிரிப் பக்கம் டேன்டீ லைனில் பிறந்தவன்.
வளைந்த சீகைக் கிளைதான் முதல் ஸ்டிக்.
சரிவில் ஆடிப் பழகியவனுக்கு ஒன்று தெரியும்:
விட்ட பந்து தானாக நிற்காது.
ஓடை வரை இறங்கி
அட்டைக்கடியோடு எடுத்து வரவேண்டும்.
அதனால் விடமாட்டான்.

ஜனவரிக் காலைகளில் அரவங்காட்டு மைதானம்
உப்புக் கொட்டியதுபோல் உறைந்து கிடக்கும்.
பந்தைத் தொட்டால் முழங்கை வரை கூசும்.
நாங்கள் கையை அக்குளில் வைத்து
வெயிலுக்குக் காத்திருக்க
இவன் தனியாகக் குனிந்து குனிந்து ஓடி
வெள்ளையில் பச்சையாக ஒரு கோடு போட்டிருப்பான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே எடுத்தது. என்னையும்.
பொன்மலை, போத்தனூர், கோவில்பட்டி,
எழும்பூரில் தண்ணீர் தெளித்த நீலத் தரை.
கோல் போட்டவன் பேர் பேப்பரில் வரும்.
விழாத கோலுக்கு யார் பேரைப் போடுவார்கள்?
அவன் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை.
உடைந்த பல் இரண்டு. தாடையில் தகடு.
ஒரே ஒருமுறை சம்பள உயர்வு.

பெனால்டி கார்னரில் முதல் ஆள் அவன்.
முதல் ஆள் என்றால்
அடிக்கப் போகிறவனை நோக்கி நேராக ஓடுவது.
எந்தப் பக்கம் ஒதுங்கி ஓட வேண்டுமென்று
பின்னாலிருந்து கீப்பர் கத்த வேண்டும்.

கோவில்பட்டி. அரையிறுதி. கடைசி இரண்டு நிமிஷம்.
‘வலது’ என்று கத்தினேன்.
வாய் மூடும் முன்பே தெரிந்துவிட்டது, இடது.
முதுகு வலப்பக்கம் போனது.
ஸ்டிக்கில் பட வேண்டிய பந்து
முழங்கால் சில்லில் பட்டது.
தேங்காய் உடைக்கிற சத்தம்.
மறுபடி கார்னர். அதை நான் தடுத்தேன்.
மறுநாள் பேப்பரில் என் பேர்.

அவனை மலை ரயிலுக்கு மாற்றினார்கள், பிரேக்ஸ்மேன்.
என்னை ஈரோடு பார்சல் ஆபீசுக்கு.
ஏழு வருஷம்.

போன மாதம் லீவு போட்டு மேட்டுப்பாளையத்தில் ஏறினேன்.
முதல் பெட்டி, முன் வரிசை.
கண்ணாடிக்கு அப்பால் காக்கிச் சட்டையில் ஒரு முதுகு.
நம்பர் இல்லை.
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்வு.

கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் கவ்வியது.
பக்கத்தில் ஒரு சிறுமி, “இவரு என்னம்மா பண்றாரு?”
“ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்காரு.”

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது.
வலது காலை மடக்காமல் இறங்கி வந்தான்.
எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.
வடைக்கு வந்த குரங்கை
உடம்பைக் குறுக்கே கொடுத்து மறித்தான்.

“கீப்பர்,” என்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.
“கோவில்பட்டியில அன்னைக்கு என்னமோ கத்துனியே,
கூட்டத்துல கேக்கவே இல்ல.
நானா ஒரு பக்கம் ஓடுனேன்.
என்ன சொன்ன?”

டீ கொதித்தது. ஊதினேன்.
எத்தனையோ ராத்திரி சொல்லிப் பார்த்த வாக்கியம்
நாக்கு நுனி வரை வந்தது.
“ஞாபகமில்ல,” என்றேன்.
“சரி விடு,” என்று கிளாஸை வைத்தான்.

ரன்னிமேடு தாண்டி ஒரு வளைவில்
சிவப்புக் கொடி நீண்டது. ரயில் நின்றது.
எதற்கென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.
நொண்டிக்கொண்டே முன்னால் போய்
தண்டவாளத்தில் குனிந்தான்,
எதையோ எடுத்து ஓரமாகப் போட்டான்.
எதையென்று
முதுகு மறைத்தது.