தகிட

நாளுக்கு நானூறு ரூபாய், டீ, இரண்டு வடை.
ஓபுளா படித்துறைக்குக் கீழே
ஆறு இல்லாத ஆற்றில்
விடிகாலை வந்து தவில் அடிக்க வேண்டும்,
ஒரு குதிரைக்கு.

முகூர்த்தம் இல்லாத புரட்டாசி.
வட்டிக்காரர் வாசலுக்கு வரும் மாதம்.
சரி என்றேன்.

ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் பிடித்த குட்டி.
பால்பல்கூட இன்னும் விழவில்லை.
சோணைமுத்துவின் மகள்
புல்லட் என்று பேர் வைத்திருந்தாள்.
எருமைகளைக் கண்டு பயப்படும் புல்லட்.
நெகிழிப்பை பறந்தால்
நாலு காலையும் ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ளும்.

பழக்குகிறவன் பூவலிங்கம்.
விரல் பருமனில் மூங்கில் வைத்திருந்தான்.
'தகிட மட்டும் அடிண்ணே,
வேற வித்தையெல்லாம் வேணாம்.'

த
கி
ட விழும் இடத்தில்
மூங்கில் விழும், முன்னங்கால் எலும்பில்.
புல்லட் காலைத் தூக்கும்.
மறுபடி.
இடது, வலது, மறுபடி.

நான் விரலில் கூடு மாட்டியிருந்தேன்,
அடிப்பவனுக்கு வலிக்கக் கூடாதே என்று
யாரோ கண்டுபிடித்தது.

கழுத்து கம்பீரமாக வளைய
தலையைப் பாலத்தூணில் தூக்கிக் கட்டிவிட்டுப்
போய்விடுவார்கள் ராத்திரி.
தூங்கினால் திமிர் ஏறுமாம்.
தண்ணீர் ஆடிய பிறகு.
ஆடாத நாளில் வாளி
எட்டாத தூரத்தில் இருக்கும்,
நிரம்பி.

ஒருநாள் கடிவாளத்தில் சிவப்பாக ஒட்டியிருந்ததை
வெற்றிலை எச்சில் என்றே நினைத்தேன்.
குதிரை வெற்றிலை போடாது
என்று உறைத்தபோது
வடை கையில் இருந்தது.
தின்றுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள்
பூவலிங்கம் வெறுங்கையோடு வந்தான்.
கைகட்டி நின்றுகொண்டு, 'இப்ப அடிண்ணே' என்றான்.
அடித்தேன்.
ஒருவரும் தொடாமல்
எழுந்தது கால்.

'படிஞ்சிருச்சு' என்றார் சோணைமுத்து.
மூங்கில் எங்கே போயிருக்கும் என்று
அன்று ராத்திரி
தவிலை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தேன்.
உள்ளேதான் இருந்தது.

மறுநாள் செல்லூரில் டீக்கடை பெஞ்சு.
ஏதோ யோசனையில் என் விரல்கள்
பலகையில் மூன்று தட்டு தட்டின.
எதிர்ச்சாரியில் கட்டிப்போட்டிருந்த புல்லட்
அரைக்கண் மூடி நின்ற புல்லட்
தூக்கத்திலேயே காலை உயர்த்தியது.
கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தை பிறந்தது.
அவனியாபுரத்தில் காதுகுத்து.
தாய்மாமன் சீர் ஆறு டெம்போவில் வர
முன்னால் புல்லட்,
நெற்றியில் கண்ணாடிச் சில்லு, தலையில் மயிலிறகு,
கழுத்தில் பத்துரூபாய் மாலை.
மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய பிள்ளை
வீறிட்டு அழுதது.
ஊசி பட்ட இடத்தில் ஊதிவிட
நாலு பேர் ஓடினார்கள்.
ஐந்தாவதாக ஒருத்தி ஐஸ்கிரீம் கொண்டுவந்தாள்.

எனக்கு என்ன வந்ததோ,
த, கி
வரை அடித்துவிட்டு
நிறுத்திக்கொண்டேன்.

கால் பாதி உயரத்தில் நின்றது.
இறக்கலாம் என்று
அதற்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.
தொடை நடுங்க, காதுகள் பின்னால் படிய,
வராத அந்த ஒரு எழுத்துக்காக
நின்றது.

'பாருய்யா, சலாம் வைக்குது!'
என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
அப்புறம் எல்லோரும்
ஒன்றுசேர்ந்து
கைதட்டத் தொடங்கினார்கள்.