எட்டில் ஒன்று

பாளையங்கோட்டையில் கம்பெனி போட்டுத் தந்த அறை
பழைய முன்சீப் கோர்ட்டின் மாடியில்.
அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு, கதவு திறக்கிறது.
மெத்தைக்கு மேலே, அழகுக்காக,
யாரோ யாருக்கோ எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம்.
தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து வாசித்தேன்:
கிழக்கே ஓடை, தெற்கே இன்னார் புஞ்சை,
வடக்கெல்லையைச் சட்டம் மறைத்துவிட்டது.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில்
சாட்சிக் கூண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள்.
தேக்கு. வார்னிஷ் மட்டும் புதுசு.
உள்ளே நின்று முட்டை பொரிக்கிறார்
மேலப்பாளையம் காதர் மைதீன்.
'சொல்லுங்க மேடம்.'
ரெண்டு முட்டை, வெங்காயம் போடலாம், மிளகாய் வேண்டாம்.
சொன்னதெல்லாம் உண்மை.

அந்தக் கூண்டில் அப்பா ஒரே ஒருநாள் ஏறினார்.
மற்றபடி பதினோரு வருஷமும் வாய்தா.
நாங்குநேரியிலிருந்து முதல் பஸ், தூக்குச்சட்டியில் புளிச்சோறு,
தவாலி மூணுதரம் பேர் கூப்பிட்டு முடிக்கையில்
ஐயா லீவு.
கிணற்றில் எட்டில் ஒரு பங்கு,
எட்டு நாளைக்கு ஒருநாள் மோட்டார் ஓட்டும் பாத்தியதை:
அவ்வளவுதான் வழக்கு.
எதிர்வாதி சப்பாணிமுத்துவும் அதே பஸ்ஸில்தான் வருவார்.
அவரிடம் சில்லறை இல்லாத அன்று
அப்பாவே டிக்கெட் எடுத்ததுண்டு.
அதை நோட்டில் எழுதிவைத்ததும் உண்டு.

பதினோரு மணிக்கு மீட்டிங்.
முன்சீப் இருந்த மேடையில் இப்போது திரை.
திரையில் காற்றாலை சுற்றுகிறது, சத்தமில்லாமல்.
நான் கம்பெனிப் பக்கம்.
எதிரே சப்பாணிமுத்து மகன் தவசிக்கண்,
சட்டைப்பையில் ரெண்டு பேனா.
குத்தகை இருபத்தொன்பது வருஷம்,
சர்வே நம்பர் 114/3பி.
ஆறாம் பக்கத்தில் ஒரு வரி:
பாழ்க்கிணறு ஒன்று. மதிப்பு இல்லை. பாதைக்காக மூடப்படும்.

விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டு வந்தவன்
அந்த வரியில் பேனாவை நிறுத்தினான்.
'இதுல எட்டுல ஒண்ணு உங்களுக்குல்லா.'

தீர்ப்பு அப்படி வரவில்லை.
எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.
'தீர்ப்பு கெடக்கு' என்றான்,
நான் கேட்காமலே.

மேனேஜர் என்னைப் பார்த்தார்.
திரையில் இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன.
தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன்.
'அடுத்த புதன்கிழமை வச்சுக்கிடுவோம்' என்றேன்.
யார் குரல் அது என்று எனக்கே பிடிபடவில்லை.

வாசலில் தலைப்பாகையும்
மார்பில் சிவப்புக் குறுக்குப்பட்டையுமாக நிறுத்தியிருக்கும் ஆள்
கதவைத் திறந்துவிட்டு
என் கார் நம்பரைக் கூப்பிட்டான்,
ஒரே ஒரு தடவை.