நாற்பத்தொன்றாம் நிலை

செக்கானூரணி தாண்டி
புளியமரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தினால்
சென்டர் கூட இன்னும் இருபது நிமிடம்.
ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுத்
தீவுக்குப் போகிறேன்.

இரவெல்லாம் அலை ஒதுக்கிய சிப்பிகள்
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
நான் வராத மூன்று நாளும்
பிடுங்க ஆளில்லாமல், வாடாமல்,
கேரட் அப்படியே நின்றிருக்கிறது.
வாத்து ஒன்று மரப்பாலம் கேட்கிறது.
கேட்டுவிட்டு அதன் பாட்டுக்கு நீந்துகிறது.

இங்கே யாரும் சாவதில்லை.
தோற்றுப்போனாய் என்று
சிவப்பில் எழுதிக் காட்டுவதில்லை.
இலவச மரக்கட்டை வேண்டுமென்றால் மட்டும்
முப்பது விநாடி விளம்பரம் பார்க்க வேண்டும்.
அதில் கோட்டையை எரிக்கிறார்கள், தலைகள் உருள்கின்றன.
நான் அந்த நேரத்தில்
பையிலுள்ள ரசீதுகளை அடுக்கிக்கொள்வேன்.

மேலாளர் ஞானப்பிரகாசம் விடியுமுன்னே
குரல்செய்தி போட்டிருக்கிறார்:
"செல்லம்பட்டி லைன்ல ரெண்டு பேர் பெண்டிங்.
வாசல்ல உக்காருங்க மேடம்.
உக்காந்தா தன்னால வரும்."

ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு வாசலில் மோர் கொடுத்தார்கள்,
ஒரு வாசலில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
வில்லாபுரத்தில் ஒரு பையன்
அம்மா இல்லை என்று சொல்லிவிட்டு
என் பக்கத்திலேயே உட்கார்ந்து
வீட்டுப்பாடம் எழுதினான்.
பதினேழைப் பெருக்கத் தெரியவில்லை அவனுக்கு.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று ஒச்சம்மாள் வாசல்.
நானூற்று முப்பது குறைகிறது.
மல்லி கிலோ தொண்ணூறுக்கு விழுந்துவிட்டதாம்,
பறிகூலிக்கே பத்தவில்லையாம்.
அன்னன்னைக்குப் பறிக்காட்டி மொட்டு வெடிச்சிரும்,
வெடிச்ச பூவை மாட்டுத்தாவணியில எவன் தொடுவான்?
கொழுந்தன் எங்கோ கைமாற்றுக் கேட்கப் போயிருக்கிறான்.
அவன் வரும்வரை நான் போக முடியாது.
போ என்று அவளும் சொல்ல முடியாது.

வேறென்ன செய்ய, தீவைத் திறந்தேன்.
தோளுக்குப் பின்னால் வந்து நின்றவள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இதென்ன ஊரு?"
சும்மா ஒரு ஊருக்கா. கட்டணும், பொறக்கணும், அவ்வளவுதான்.
"கெணறு எங்க?"
நாற்பத்தொரு நிலை ஏறியும்
நான் கிணறு வெட்டியிருக்கவில்லை.
"தண்ணியில்லாம எப்பிடி வெளையுது?"
வெளையும்க்கா.
"பறிக்கலேன்னா?"
அப்படியே நிக்கும்.
"எத்தன நாளு?"
எத்தன நாள்னாலும்.

சிரித்தாள். கேலியா என்று தெரியவில்லை.
"தவண என்னைக்கு?"
தவணை இல்லக்கா.
"அப்ப அது ஊரே இல்ல தாயி"
என்றவள் விரலை நீட்டினாள்.
மொட்டைக் காம்போடு கிள்ளும் அதே இரு விரல்.
தொட்டதும் ஒரு கேரட்
குதித்து என் கூடைக்குள் விழுந்தது. சின்ன மணிச்சத்தம்.
இன்னொன்று.
ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்தி.
நான் பத்து நிமிடம் எடுப்பதை
அவள் இரண்டில் முடித்துவிட்டு
விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்,
மண் ஒட்டியிருப்பதுபோல.

கொழுந்தன் வரவில்லை.

அந்த நானூற்று முப்பதை
என் கையிலிருந்து போட்டேன் என்று எழுதலாம்.
போடவில்லை.
பகுதித் தொகை என்று ரசீது கிழித்தேன்,
நாளைக்கு வர்றேன்க்கா என்றேன்,
வண்டியை மிதித்தேன். இரண்டாம் மிதியில் கிளம்பியது.

இரவு அனுப்பானடி அறையில்
மின்விசிறிக்கு அடியில் படுத்து
கிணறு எவ்வளவு என்று பார்த்தேன்.
எண்ணூறு சிப்பி.
வாத்து பாலத்துக்குக் காத்திருக்கட்டும்,
அது கோபித்துக்கொள்ளாது.
கேரட் பாத்திக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தேன்.
கயிறில்லை, வாளியில்லை,
யாரும் வந்து இறைக்கப்போவதுமில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன்,
உள்ளே கொஞ்சம் நீலம் அசைந்தது.

மீதி பன்னிரண்டு சிப்பி.
ஆறரைக்கு ஒச்சம்மாள் வாசல்.