மீன் வான்

பாலையூற்றுச் சவிரிமுத்துவிடம் வாங்கினோம்.
பதினொரு வருடம் சூரையும் பாரையும் சுமந்து
கண்டிக்கு ஏறி இறங்கிய வான்.
"எஞ்சின் குதிரை" என்றார்.
மணத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை. விலை அப்படி.

முதற்கிழமை முழுக்கக் கழுவினோம்.
தேசிக்காய், வினாகிரி, அப்பச்சோடா,
ஆசுப்பத்திரி ரஜிதா கள்ளமாய்த் தந்த
ஏதோ ஒரு நீலத் திரவம்.
காய்ந்த பிறகு குகதாசன் உள்ளே போய்
கதவைச் சாத்தி மூச்சை இழுத்துப் பார்த்தார்.
வெளியே வந்து,
"இப்ப கழுவின மீன் மணக்குது" என்றார்.

உள்தகரத்தைக் கழற்றினால்
மூன்றங்குல ரெஜிபோம், ஒரு கீறல் இல்லாமல்.
மீன் பழுதாகாமல் இருக்க வைத்தது
எங்களுக்கும் உதவட்டும் என்று விட்டுவிட்டோம்.

மேல்மாடி எழுப்புவோம் என்று
வீட்டுத் தூண்களில் நீட்டி விட்ட கம்பிகள்
ஒன்பது மாரி நனைந்து நின்றன.
மாடிக்கு வைத்த காசு வானுக்குப் போனது.
கம்பிகளையும் அறுத்தோம்.
கிண்ணியா முபாறக் அவற்றை
ஏணியாய் ஒட்டினான், வானின் பின்புறத்தில்.
"அக்கா, இதில எங்க போகப் போறீங்க?"
"தெரியாது."
முகமூடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தான்.
"தெரியாத இடத்துக்கு எண்டால்
இன்னும் ரெண்டு ஒட்டு வேணும்."
போட்டான். அதற்குக் காசு எடுக்கவில்லை.

பகல் முழுக்க நான்
அடுத்தவர் வீட்டு மீற்றர் வாசிப்பவள்.
லிங்கநகர், மட்டிக்களி, உப்புவெளி,
நாய் உள்ள படலை, நாய் இல்லாத படலை.
எந்த அறைக்கு ஏசி வந்தது,
எந்த வீடு ஒற்றை பல்புக்கு இறங்கியது,
எல்லாம் என் கைக்கு இலக்கமாய் வரும்.
கூரையில் சோலார் தகடு பூட்டிய பின்னேரம்
வயரை இழுத்து, பற்றரியில் கொழுவி,
சுவிச்சைத் தட்டினேன்.
பிடித்தது.
யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத வெளிச்சம்
இவ்வளவு மஞ்சளாய் இருக்கும் என்று
இருபத்திரண்டு வருடச் சேவையில்
எவரும் எனக்குச் சொல்லவில்லை.
அணைத்தேன். திரும்பப் போட்டேன்.
பற்றரி இறங்கும் என்று குகதாசன் ஏசும்வரை
போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

கட்டிலில்தான் பிழை விட்டோம்.
இவரைச் சீமெந்து நிலத்தில் படுக்க வைத்து
தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு,
அந்த அளவுக்குப் பலகை அறுத்து, பூட்டி,
மெத்தையும் போட்ட பிறகு
நான் படுத்துப் பார்த்தேன்.
இவரைவிட நான் மூன்றங்குலம் உயரம்.
கலியாணப் படத்தில் என்னைக் கதிரையில் இருத்தி
இவரைப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.
அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம்
அதைப் பற்றி ஒரு கதை இல்லை.
பெரிய வீட்டில் எங்கேயோ வைத்து மறந்த சங்கதி,
வானுக்குள் காலில் இடித்தது.
"அறுத்து நீட்டுவமா?" என்றார், என் முகத்தைப் பாராமல்.
"பலகை முடிஞ்சுது. விடுங்கோ."

குச்சவெளிக்கு முன்னால் மறித்தார்கள்.
இளம் பொலிஸ்காரன். பின்கதவைத் திறக்கச் சொன்னான்.
ஐஸ் பெட்டி தேடிய கண்ணுக்கு மெத்தை தெரிந்தது,
பழைய வொயில் சேலையில் தைத்த திரை தெரிந்தது.
"மீன் இல்லையா?" என்று இரண்டு மொழியிலும் கேட்டான்.
சப்பாத்தைக் கழற்றி வைத்து உள்ளே ஏறினான்.
சோதிப்பான் என்று பார்த்தால், படுத்தான்.
ஒரு நிமிடம் இருக்கும், கூரையைப் பார்த்தபடி.
இறங்கி லேஸ் கட்டும்போது,
"ஊர் வெலிமடை. லீவு இல்லை" என்றான்.
போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அன்றிரவு கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினோம்.
என் காலுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்தோம்.
திறந்த கதவால் கச்சான் வந்தது, மணல் வந்தது,
நுளம்பு வந்தது, அலைச் சத்தம் வந்தது,
"உன்ர காலால நல்ல காற்று" என்றார் இவர்,
பாதி நித்திரையில்.

விடியக் கண் விழித்தேன்.
வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் பாதங்களுக்குக் கீழே
எந்த ஊர்ப் பூனைகளோ,
நாலு பேர் வாலைச் சுருட்டிக் குந்தியிருந்தார்கள்,
சவிரிமுத்து கடை திறக்கட்டும் என்று.