இன்னும் மூன்று பங்குனி

காவலூரில் மூன்றாம் நாளாக மேகம்.
வேடியப்பன் குவிமாடத்தைத் திறக்கவில்லை.
காற்றில் ஈரம் எவ்வளவு என்று
மானியைப் பார்க்காமலே சொல்வார்,
இழுக்கிற சங்கிலியைத் தொட்டு.
வடக்கே ஆம்பூர்த் தோல் ஷெட்டுகளின் வெளிச்சம்
மேகத்தின் அடிவயிற்றில் பழுத்துக் கிடக்கிறது.

வேலையில்லாத இரவு. பழைய பதிவேட்டைப் பிரித்தேன்.
கீலக வருஷம், பங்குனி.
யாரோ ஒரு தேவநேசன்.
ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில்
தமிழ் மாதமும் எழுதுகிற ஆள்.
மேகம்.
மேகம்.
மேகம், பல்வலி.
பிறகு ஒரே ஓர் இரவு, நீல மையில்:
சப்தரிஷிக்குக் கீழே இரட்டை. கோணம். இடைவெளி.
மறுநாள் மேகம்.

ஒன்றையொன்று சுற்றி முடிக்க
அறுபது வருஷம் எடுத்துக்கொள்ளும் இரண்டு சூரியன்கள்.
பிரபவ தொடங்கி அட்சய வரை
பஞ்சாங்கம் எண்ணுகிற அதே அறுபது,
யாரும் யாரிடமும் சொல்லிவைக்காமல்.
உற்றுப் பார்த்தால் இரண்டும் இரண்டல்ல.
ஒவ்வொன்றும் கண்ணில் படாத ஒன்றோடு குடித்தனம்:
ஒரு வீட்டில் நாலு நாளைக்கு ஒரு சுற்று,
மற்றதில் இரண்டு வருஷம் நெருங்க.
நிறமாலைக் கோடு இப்படியும் அப்படியும் நகர்வதை வைத்து
பக்கத்தில் ஆள் உண்டு என்கிறோம்,
ஊஞ்சல் கிரீச்சிடுவதைக் கேட்டு
எடை சொல்வதுபோல.

நான் வரைந்த பாதையில்
தேவநேசனின் புள்ளி மட்டும் நேர் எதிரே விழும்.
சரியாக நூற்றெண்பது பாகை.
பிழை என்று ஒதுக்கியிருந்தேன்,
போன வருஷக் கட்டுரையில், ஓர் அடிக்குறிப்பில்.
இன்றுதான் உறைத்தது:
இளையதை மூத்தது என்று நினைத்து
அங்கே நின்று மூத்ததை அளந்திருக்கிறார்.
வெளிச்சத்தில் அரைப் படி வித்தியாசம்.
பல்வலிக்காரருக்கு அது போதவில்லை.
இடைவெளி துல்லியம். திசைதான்
எதிர்வீட்டிலிருந்து பார்த்த திசை.

வேடியப்பனிடம் சொன்னேன்.
"அப்ப எது எதைச் சுத்துது மேடம்?"
ரெண்டும் நடுவுல ஒரு இடத்தை.
"அங்க என்ன இருக்கு?"
ஒண்ணுமில்ல.
அவர் யோசித்தார்.
"சந்தன மரம் திருடு போன குழி.
ஒரு மாசம் வாச்சருங்க அதையே சுத்துனாங்க."

அடிக்குறிப்பை அழித்தேன்.
அவர் புள்ளியைத் திருப்பிப் போட்டேன்.
வளைவில் உட்கார்ந்தது, மயிரிழை விலகி.
கீலகம் திரும்புகிற பங்குனியில்
அந்த இரண்டும் அவர் பார்த்த இடத்தைக் கடக்கும்.
அன்றாவது வானம் விட வேண்டும்.

இரண்டு மணிக்கு மேற்கே ஒரு கிழிசல்.
வேடியப்பன் சங்கிலியைத் தொட்டுவிட்டுத்
தலையை மட்டும் அசைக்கிறார்.
தேதி போட்டு, பக்கத்தில் எழுதுகிறேன்:
விசுவாவசு, பங்குனி பதினொன்று.
மேகம்.