ஆறில் தொடங்கும் அளவுகோல்

வியாழன் மாலை ஐந்தே முக்கால்.
விரலிடுக்கில் இன்னும் வார்டின் கிருமிநாசினி வாசம்.
டண்டீயின் மேட்டுத் தெருவில், பக்கவாட்டில் அடிக்கும் மழையில்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறேன்.
ஒரு வருடப் படிப்பை மூன்று வருடமாக
நீட்டி வாங்கிக்கொண்டவர்கள் நாங்கள்,
ஃபிரிட்ஜுக்குத் தவணை கட்டுவதுபோல.

வகுப்பில் ஒன்பது பேர்.
சிறைச்சாலையில் கைதிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிற ராரி,
சாவிக்கொத்தை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தும்
அடிக்கொருதரம் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பான்.
நீச்சல் குளத்திலிருந்து வரும் மொராக் உட்கார்ந்தால்
அந்த வரிசை முழுக்கக் குளோரின்.
லாக்டேட் கோடு திடீரென்று செங்குத்தாக எழும் இடத்தைப்
பேராசிரியர் சுட்டிக் காட்டும்போது
நான் கொட்டாவியை மென்று விழுங்குகிறேன்.

பகலில் என் வேலை ஒரே கேள்வி கேட்பது.
மாரடைப்பிலிருந்து தேறியவர்கள்
எங்கும் போகாத சைக்கிளை மிதிக்கிறார்கள்.
அட்டையை நீட்டுவேன்:
எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?
ஆறிலிருந்து இருபதுக்குள் ஓர் எண் சொல்லுங்கள்.

ஏன் ஆறு, பூஜ்ஜியம் என்ன பாவம் செய்தது என்று
பதினோரு வருடம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
போன அக்டோபரில்தான் தெரிந்தது.
ஆறைப் பத்தால் பெருக்கு:
அறுபது.
சும்மா கிடக்கும் இதயத்தின் துடிப்பு, ஏறக்குறைய.
உயிரோடு இருப்பவர் யாருக்கும்
பூஜ்ஜியம் கிடையாது.
அன்றிரவு இறக்கத்தில்கூட ஏறி மிதிக்கத் தோன்றாமல்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு போனேன்.

பஸ் ஓட்டுநர் டூகல் பெட்ரிக்கு எப்போதும் பதினொன்று.
மேலுதட்டில் வியர்வை கோத்திருக்கும்.
காது நுனி பீட்ரூட்.
"பதினொன்றுதான், சிஸ்டர்."
பதினொன்று என்று எழுதுவேன்.
படிவத்தில் எண்ணுக்குக் கட்டம் உண்டு,
காதுக்கு இல்லை.

பிப்ரவரியில் ஒருவரையொருவர் சோதிக்கும் வாரம் வந்தது.
சீட்டுக் குலுக்கியதில் என் பெயர்.
முகமூடியின் ரப்பர் கன்னத்தைக் கவ்வ,
நெஞ்சைச் சுற்றி ஈரப் பட்டை.
நிமிடத்துக்கு ஒருமுறை டிரெட்மில்லின் முன்பக்கத்தை
ராரி உயர்த்துகிறான்.
பேச வழியில்லை. அட்டையில் விரல் வைக்க வேண்டும்.
ஒன்பதாவது நிமிடம் கெண்டைக்கால் இரண்டும் கல்.
பத்தாவதில் சுவர்க் கடிகாரம் பார்வையிலிருந்து நழுவியது.
என் மூச்சு, யாரோ பக்கத்து அறையில்
மேசை நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம்.
அட்டை வந்தது.
என் விரல் போய்த் தொட்டது
பதின்மூன்றை.

திரையில் துடிப்பு நூற்று எண்பத்தாறு.
ராரி திரையைப் பார்த்தான். விரலைப் பார்த்தான்.
"உள்ளே எங்கள் ஆட்களும் இப்படித்தான், மைரி,"
என்றவன்
பதின்மூன்று என்றே எழுதிக்கொண்டான்.

யாரை ஏமாற்றப் பார்த்தேன்?
முகமூடிக்குள் வெளியேறும் காற்றை
மில்லிலிட்டர் பிசகாமல் அளக்கிற இயந்திரத்தையா?
அட்டை பிடித்து நிற்பவர் முகத்தைப் பார்த்துத்தான்
நாம் எண்ணைச் சொல்கிறோம் போலிருக்கிறது.
அந்த முகம் பதினோரு வருடமாக என்னுடையது.

செவ்வாய்க்கிழமை டூகல் மிதித்துக்கொண்டிருந்தார்.
அட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
பக்கத்து சைக்கிளில் ஏறினேன், சீருடையோடு.
அவருடைய அதே சுமை, அதே வேகம்.
வெளியே டே நதி தெரியவில்லை, பனி.
நாலு நிமிடம் கழித்து,
"எனக்குப் பதினைந்து," என்றேன், நிஜமாகவே மூச்சிரைக்க.

அவர் திரும்பவில்லை.
பஸ்ஸில் கண்ணாடி வழியே பின்சீட்டைப் பார்ப்பவர்போல
எதிரில் இருந்த வெறும் சுவரைப் பார்த்தார்.
"அப்படியானால் எனக்குப் பதினேழு," என்றார்.
"கொஞ்ச நாளாகவே."

கை நீட்டி அவர் சுமையை இரண்டு படி குறைத்தேன்.
மருத்துவரை அழைத்தேன்.
பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு
வரிசையாக நிற்கும் பதினொன்றுகளை,
என் கையெழுத்தை,
உணவு இடைவேளை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு நள்ளிரவுக்குள் கட்டுரை அனுப்ப வேண்டும்.
மூவாயிரம் சொல்.
தலைப்பை மாற்றிவிட்டேன், அனுமதி இன்னும் வரவில்லை.
துவைக்கும் இயந்திரத்தில் சீருடை சுற்றுகிறது.
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து எண்ணுகிறேன்:
அறுபத்து நான்கு.