மூன்று கண்ணி

வண்டி போகாத இடத்தில் விழுந்தது அது.
நாகலாபுரத்து மலையில், செம்மரக் காட்டின் தலைமாட்டில்.
பாதிவரை ஆடு ஏறும். அதற்கு மேல் காற்றுதான்.
ராத்திரி இரண்டு மணிக்கு வெளிச்சம் பார்த்தாள்
கரிமூட்டம் போடும் எங்கட்டம்மா.
தன் மூட்டம்தான் பற்றிக்கொண்டதென்று
குடத்தோடு ஓடினாளாம்.

மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டார்கள்.
டாக்டர் வந்து போய்விட்டார்,
இனி அளக்கவேண்டும் என்றார்கள்.
எல்லை பிரித்து ஒரு வருஷம் ஆகவில்லை.
நட்ட கல்லில் சுண்ணாம்பு கைக்கு ஒட்டியது.
ஊத்துக்கோட்டை இன்ஸ்பெக்டர் ஒரு பாறையில்,
சத்தியவேடு இன்ஸ்பெக்டர் ஒரு பாறையில்,
நடுவில் பதினான்கு பேர், துணி போதாமல்.
யார் எழுதுவது?
எந்த பாஷையில்?

வால் ஆந்திராவில். அதில் தகராறு இல்லை.
மூக்கு மதராஸில். அதிலும் இல்லை.
இடையில் நாற்பத்திரண்டாம் நம்பர் கல் இருக்கவேண்டும்,
காணோம்.
இடது இறக்கை முதலில் தொட்டது அதைத்தான்.

சர்வேயர் வெங்கோபராவ் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு
வரைபடத்தை விரித்தார்.
‘நாற்பத்தொன்றிலிருந்து பதினொரு சங்கிலி, வச்சிரவேலு.
இழுத்துப் பிடி.’
இழுத்துப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
நூறு கண்ணி, அறுபத்தாறு அடி,
பத்துக்கொரு பித்தளை வில்லை.

காலடியில் கடிதங்கள். மழை பெய்திருந்தது.
தெலுங்கும் தமிழும் இங்கிலீஷும் கரைந்து
ஒரே ஊதா.
நசுங்காத எவர்சில்வர் டம்ளர் ஒன்று,
‘அன்பளிப்பு’ என்று புள்ளி வெட்டு,
பேர் இருந்த இடம் மட்டும் கரி.
ஒரு குழந்தைச் செருப்பு.
ஜோடியைத் தேடக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன்.
தேடினேன்.

பதினோராம் சங்கிலி முடிகிற இடத்தில்
இரட்டை இருக்கை ஒன்று
ஈச்சம்புதர் முட்டுக்கொடுக்க, நிமிர்ந்து.
இருவரும் பெல்ட் அவிழ்க்கவில்லை.
ஜன்னல் பக்கம் ஒரு பெண்.
அவள் கை அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தது,
மலைப் பாதையில் பஸ் திரும்பும்போது பிடிப்பதுபோல.

முளை அடிக்கவேண்டிய இடம்
சரியாக இரண்டு பேருக்கும் நடுவில்.
அவள் ஆந்திரா.
அவன் மதராஸ்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
கைதான் யோசித்தது.
மூன்று கண்ணியை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு
‘பதினொன்று’ என்று கத்தினேன்.
‘சரி’ என்றார் ராவ்.
புதுக் கல்லை அங்கேயே நட்டோம்.
சத்தியவேட்டுக்காரர்கள்
அடுத்தடுத்த மூங்கில் கழிகளில்
இருவரையும் இறக்கிக்கொண்டு போனார்கள்.

ஆறு வாரம் கழித்து லிஸ்ட் வந்தது.
புருஷன் பெண்டாட்டி இல்லை.
அவள் நாக்பூர் ஆஸ்பத்திரியில் சேரப் போன நர்ஸ்,
அவன் கடலையெண்ணெய்க் கமிஷன் வியாபாரி.
ஒரே ஊர் இல்லை, ஒரே வேதம்கூட இல்லை.
படித்துக் காட்டிவிட்டு ராவ்
என் உள்ளங்கையைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று கண்ணி என்றால் இரண்டடி, நூலிழை குறைவு.
உச்சியில் இரண்டடி யாருக்கு வேண்டும்?
ஆனால் கோடு கீழே இறங்குமே.
அடிவாரத்தில் தாண்டவராயன் வரப்பில் ஒரு புளியமரம்,
அடுத்த அளவையில் நிலம் இங்கே, மரம் அங்கே.
தாசில்தாரிடம் போனான். சித்தூருக்கு நடந்தான்.
ஜமாபந்தியில் எனக்கு எதிரே நின்று
‘மேலே கல் நட்டவன் கை விளங்காமல் போக’ என்று
மண்ணை வாரித் தூற்றினான், ஆள் தெரியாமல்.
விளங்குகிற கையால்
அவன் மனுவை வாங்கி வைத்தேன்.

இப்போது மாசி பிறந்தால்
தன் மரத்தில் தானே திருட்டுப் புளி உலுக்குகிறான்.
பழகின தோஷத்துக்கு எனக்கும் ஒரு படி.
கொட்டை எடுக்காத புளி.
கரைக்கும்போது விரலில் ஏதாவது தட்டினால்
எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன்.